மத்துக் காம்பில் கேட்ட கார்

என் காதைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாதாம். என் மகள் சொல்கிறாள். ஏன் பேசக் கூடாது? கம்பத்திலிருந்து குமுளி வரைக்கும் வண்டி ஓட்டிய டிரைவர்கள் அத்தனை பேரும் பேசினார்கள். நான் பேசினால் மட்டும் குறைந்தா போய்விடும்?

என் வீட்டுக்காரர் கம்பத்தில், கூடலூர் போகும் சாலையில், மோட்டார் பட்டறை வைத்திருந்தார். அதற்கு முன்னால் பல வருஷம் அரிசி மில்லில் ஆயில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர். அந்த எஞ்சின் அவர் காதைப் பாதி தின்றுவிட்டது. கை வைத்துப் பார்த்தே இரும்பின் சீக்கைச் சொல்லிவிடுவார், மெல்லிய சத்தம் மட்டும் அவருக்கு எட்டாது. வீடும் பட்டறையும் ஒரே கூரைக்குக் கீழே. "ஏத்தா, இங்கன வந்து இது என்ன சத்தம்னு கேட்டுச் சொல்லு" என்று அடுப்படியிலிருந்து என்னை இழுப்பார். எனக்கு ஆத்திரமாக வரும். நான் உலை வைக்கிற நேரம் பார்த்துத்தான் ஏதாவதொரு லாரி வந்து நிற்கும். ஆனால் போகப் போக அந்தச் சத்தங்கள் எனக்குப் பிடிபட்டுவிட்டன. பிறகு அவர் கூப்பிடாவிட்டாலும் நானே போய் நின்றேன்.

மெக்கானிக்குகள் ஸ்குரூ டிரைவரை எஞ்சின் மேல் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பார்கள். எனக்கு அது ஒத்து வரவில்லை. எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்து காதில் கொட்டியது. ஒருநாள் மோர் கடைகிற மத்தின் காம்பை வைத்துப் பார்த்தேன். தொட்ட இடத்துச் சத்தம் மட்டும் தனியாக ஏறி வந்தது. அதற்குப் பிறகு அந்த மத்து பட்டறைக்குத்தான் சொந்தம். என் மாமியார் அதற்காக என்னைத் திட்டாத திட்டு இல்லை.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. சுருளிப்பட்டியில் இருந்த என் தம்பி, லாரியில் கிளீனராகச் சேர்ந்து டிரைவர் ஆனவன். எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்பும் நஞ்சையுமாக ஏகப்பட்ட சொத்துள்ள ஒரு முதலாளி, சீமையிலிருந்து இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வரவழைத்தார். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. அதற்கு டிரைவராக என் தம்பியைப் பிடித்துப் போட்டார். அவன் பெண்டாட்டி அப்போது முழுகாமல் இருந்தாள். தலைக்குத் தொப்பி, காலுக்குப் பூட்ஸ் என்று தம்பி காரில் உட்கார்ந்து எங்கள் பட்டறையைத் தாண்டிப் போகும்போது, நான் கையில் மாவோடு வாசலுக்கு ஓடியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அப்படி ஒரு உத்தியோகம் பார்த்ததில்லை.

எங்கள் பள்ளத்தாக்கு டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குமுளியிலிருந்து இறங்கும்போது கியரை எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா உருள விடுவார்கள். பெட்ரோல் மிச்சமாம். யார் அதிகமாக மிச்சம் பிடிக்கிறான் என்று அவர்களுக்குள் போட்டியே நடக்கும், லாரி முதலாளிமாரும் அதற்காகவே மெச்சுவார்கள். என் தம்பி லாரிப் புத்தியை அந்தச் சீமைக் காரிலும் காட்டினான். முதலாளியும் பக்கத்தில் உட்கார்ந்து, "சத்தமே இல்லாம போகுதுலே" என்று ரசித்துக்கொண்டு வந்தாராம்.

ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் ஏலக்காய் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. நெடுக மிதித்து மிதித்துச் சூடேறிய பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. எஞ்சின் இழுத்துப் பிடிக்கட்டும் என்று இவன் பதறிப்போய்க் கியரைப் போட்டான். மூன்றாவது கியருக்குப் போக வேண்டிய கம்பி இரண்டாவதில் போய் விழுந்தது. கார் ஓடிய வேகம் மொத்தமும் எஞ்சின் தலையில் ஏறிவிட்டது. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுகிற முள், சிவப்புக் கோட்டைத் தாண்டி அந்தக் கோடி வரைக்கும் போனதை முதலாளியே பார்த்தார். எஞ்சின் அலறிய அலறலில் மாடுகள் மிரண்டு ஓரம் போனதால் கார் இடிக்காமல் தப்பியது. யாருக்கும் கீறல்கூட இல்லை.

அதற்குமேல் எஞ்சினைப் போடாமல், பிரேக் ஆறியதும் அடிவாரம் வரை மெல்ல உருட்டி, அங்கிருந்து மாடு கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார்கள். சிவப்புக் காரை இரண்டு காளைகள் இழுக்க, உள்ளே முதலாளி விறைப்பாக உட்கார்ந்து வந்த காட்சியைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. அவருக்கு மானம் போயிற்று. இறங்கிய கையோடு எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டார்: "நாளைக்கு நான் பீர்மேட்டுக்குப் போயாகணும். தேயிலைத் தோட்டத்துத் துரைமாரெல்லாம் இந்தக் காரைப் பாக்கணும்னு காத்திருக்காக. எஞ்சின் நல்லாருந்தா இவன்தான் ஓட்டுவான். உள்ள ஏதாவது போயிருந்துச்சுன்னா, என் வாசப்படிய மிதிக்கக் கூடாது."

தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை.

என் வீட்டுக்காரர் அவசரப்படவில்லை. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெயை முழுக்க இறக்கி, துவைத்த வெள்ளை வேட்டித் துணியில் வடித்தார். துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பேரிங் தேய்ந்திருந்தால் துணியில் உலோகப் பொடி மினுங்கும். ஒன்றும் மினுங்கவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். முன்னால் ஹேண்டிலைச் செருகி ஒவ்வொரு சிலிண்டராக மெல்லச் சுற்றி, அது கையை எதிர்த்துத் தள்ளுகிற பலத்தைப் பார்த்தார். நாலும் ஒரே மாதிரி. மேல் மூடியைத் திறந்து, வால்வுகளைத் தள்ளும் கம்பிகள் வளைந்திருக்கிறதா என்று உருட்டிப் பார்த்தார். இடைவெளிகளைத் தகடு விட்டு அளந்தார். மூடியை மாட்டி, எண்ணெயைத் திரும்ப ஊற்றினார். எல்லாம் சரி.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். தம்பிக்கு உயிர் வந்தது. முதலாளியும் சிரித்தார். "ஆனா அவ ஒருக்கா கேக்கட்டும்" என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் அந்தச் சிரிப்பு வேறு சிரிப்பாகிவிட்டது.

"இந்தத் தாயியா? மத்தை வச்சா? ஏலே, இது சீமை எஞ்சின், மோர்ப்பானை இல்ல" என்றார் முதலாளி.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "மோர்ப்பானைன்னா நாங்க கேக்கவே வேணாமே, எட்டிப் பாத்தாத் தெரிஞ்சுருமே" என்றேன். கூட்டம் சிரித்தது. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எஞ்சினைப் போடச் சொன்னேன்.

சூடேறட்டும் என்று காத்திருந்து, மத்துக் காம்பை ஒவ்வொரு இடமாக ஊன்றிக் கேட்டேன். முதல் சிலிண்டர் சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதில், மெல்ல ஓடும்போது ஒன்றுமில்லை. கொஞ்சம் வேகம் கூட்டச் சொன்னேன். அப்போது வந்தது. மெட்டி போட்ட விரல் கல்தரையில் தட்டுகிற மாதிரி, மெல்லிசாக ஒரு டிக். இன்னும் வேகம் கூட்டினால் மற்ற சத்தத்தில் மறைந்துபோனது. குறைத்தால் காணோம். நடுவில் ஒரே ஒரு வேகத்தில் மட்டும் இருந்தது. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். இல்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கேட்டேன்.

"தண்ணி குடிச்சிட்டு வாறேன்" என்று உள்ளே போனேன். தம்பி பின்னாலேயே வந்துவிட்டான்.

"அக்கா, உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஒண்ணுமில்லேன்னு சொல்லிரு. மச்சானே நல்லாருக்குன்னுட்டாக. ஒரு நாளைக்கு ஓடிட்டு வந்துரும்க்கா. திரும்பி வந்ததும் நானே கழத்திப் பாத்துக்கிறேன்."

"ஏலே, அந்த மலையில நீதானடா ஓட்டப் போற?"

"வேலை போச்சுன்னா நான் என்னக்கா செய்யிறது? அவ வயித்தோட இருக்கா. மறுபடி கிளீனராப் போயி லாரியத் தொடைக்கவா?"

அவன் என் காலைத் தொட வந்தான். நான் நகர்ந்துகொண்டேன். இவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். எங்கள் அம்மா போன பிறகு இவனுக்குச் சோறு ஊட்டியதும் நான்தான். அந்த முதலாளி மேல் கோபம், இவன் மேல் கோபம், பாழாய்ப்போன என் காது மேலும் கோபம். தண்ணீர் குடிக்கவே இல்லை. வெளியே வந்து எல்லோர் முன்னாலும் சொன்னேன்:

"மூணாவதுல பின்பக்க வால்வுகிட்ட ஏதோ ஒடைஞ்சிருக்கு. என்னன்னு எனக்குத் தெரியாது. தொறந்து பாக்காம இந்தக் காரு மலையேறக் கூடாது."

முதலாளி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "எல்லாம் நல்லாருக்குன்னு நீதானப்பா சொன்ன?"

"சொன்னேன். அவ இருக்குங்கா. அப்ப இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பேனரை எடுத்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதருக்கு ஆயுசு முழுக்கச் சோறு போடலாம்.

அந்தக் காரில் ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு ஸ்பிரிங். பெரிதுக்குள் சின்னது ஒளிந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் பெரியது மட்டும்தான் தெரியும். மூன்றாவது சிலிண்டரின் பின்பக்க வால்வில் அவர் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றியபோது, உள்ளே இருந்த சின்ன ஸ்பிரிங் இரண்டு துண்டாகச் சாக்கின் மேல் விழுந்தது.

பெரியது ஒன்றே தாங்கிக்கொண்டிருந்ததால்தான் அவர் கைக்கு எதுவும் தெரியாமல் போயிற்று. மலையில் வேகம் எடுத்து அதுவும் விட்டிருந்தால், வால்வு உள்ளே விழுந்து எஞ்சின் அப்படியே இறுகியிருக்கும். இறக்கத்தில், வளைவில், சக்கரமும் சேர்ந்து இறுகியிருக்கும். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லச் சொல்ல முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"தாயி, உன் காதுக்குப் பொன்னுல தோடு செஞ்சு போடணும்" என்றார். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "தொப்பியக் கழத்தி வச்சிட்டுப் போலே" என்றார்.

நான் விட்டேனா? "உங்க உசிரையும் சேத்துத்தான் காப்பாத்திருக்கேன். அதுக்கு இதுவா கூலி? உருட்டிவிட்டு வரும்போது பக்கத்துல உக்காந்து ரசிச்சவுக யாரு?" என்று கத்தினேன். அவர் நடையைக் கட்டினார். மதுரையிலிருந்து ஸ்பிரிங் வந்து கார் சரியானதும், வேறு டிரைவரை வைத்து எடுத்துப் போனார்.

அதற்குப் பிறகு என் பேர் ஊரெல்லாம் பரவியது. "கம்பத்து அக்காகிட்டக் காட்டியாச்சா?" என்று கேட்காமல் எந்த டிரைவரும் பழைய லாரியை வாங்கவில்லை. உத்தமபாளையத்திலிருந்துகூட வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஆனால் தம்பி மட்டும் வரவில்லை. எந்த வழியாகப் போனாலும் எங்கள் பட்டறை இருக்கும் சாலையைத் தவிர்த்துப் போனான். பயந்தபடியே மறுபடி கிளீனராகத்தான் போனான். அவனுக்குப் பிள்ளை பிறந்தபோது நான் காப்பும் சட்டையும் எடுத்துக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் போனேன். நான் கிளம்புகிற வரைக்கும் அவன் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவன் பெண்டாட்டி அழுதாள். நான் அழவில்லை, வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

சண்டைக் காலம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல், பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி அந்தப் புகையில் ஓட்டினார்கள். ஒருநாள் காலை, கூடலூர் வழியாகக் குமுளி போகும் பஸ் ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. உள்ளே நிறைய ஜனம். டிரைவர் இறங்கினான். என் தம்பி. மலைப்பாதையில் அவனை நம்பி பஸ்ஸைக் கொடுத்தது அன்றுதான் முதல் தடவையாம், பிற்பாடு தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. எஞ்சின் மூடியைத் தூக்கிவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் மத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். காம்பை ஊன்றிக் காதை வைத்தேன். நிதானமாக, ஒவ்வொன்றாக.

உள்ளேயிருந்து ஒருவர் சலித்துக்கொண்டார். "என்னப்பா டிரைவரு, நேரமாகுது. யாரு இந்தம்மா? எஞ்சினுக்கு மந்திரிக்கிறாகளா?"

தம்பி பஸ்ஸைப் பார்த்துத் திரும்பினான். எங்கள் குடும்பக் கோபம் அவன் குரலில் அப்படியே இருந்தது. "எங்க அக்கா. இவுக போன்னு சொன்னாத்தான் இந்த வண்டி மலையேறும். அவசரம்னா எறங்கி நடங்க."

பிறகு என்னைப் பார்த்தான். "போகவாக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை ஜனத்துக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாலே" என்றேன்.