ஏணியைக் கிளப்பிவிட்டது யார்?

சலூன்காரருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. பிறவிக் குறை அல்ல, தொழில் கொடுத்த குணம். கடை திறந்த புதிதில் யாரோ எதையோ சொல்ல, இவர் “இல்லீங்க” என்று மறுக்க, அந்த ஆள் சண்டைக்குச் சட்டென்று திரும்ப, காதோரம் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக, நாற்காலியில் இருப்பவர் எதைச் சொன்னாலும் “ஆமாங்க”தான். ஒத்துப்போனால் தலை ஆடாது. தலை ஆடாவிட்டால் காது தப்பும்.

அந்தக் குணம்தான் அவரை மாட்டிவிட்டது.

ஊர் கூடைப்பந்து அணியின் உயிர் ‘ஏணி’. உயரத்துக்காக ரசிகர்கள் வைத்த பெயர். நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் அவன் உச்சந்தலைக்குச் சலூன்காரர் எம்ப வேண்டும். போன மாதம் அப்படி எம்பிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்: “அண்ணே, வேற டீம்ல கூப்பிடுறாங்க. போயிடட்டுமா?”

கத்தரி காதுக்குப் பின்னால் வளைந்துகொண்டிருந்த நேரம். “ஆமாங்க, தாராளமா போங்க.”

அவன் கேட்டது என்னவென்று மண்டையில் ஏறியது, துணியை உதறும்போதுதான். அதற்குள் அவன் வாசலில் குனிந்து வெளியே போயிருந்தான். பத்தே நாளில் அணியை விட்டும் போனான்.

சலூன்காரருக்கு அந்த அணியை விட்டால் வேறு பொழுதுபோக்கு கிடையாது. மருந்துக்கடைக்காரர், கணக்கு வாத்தியார், பஸ் டிரைவர் என மூன்று கூட்டாளிகளோடு எட்டு வருடமாக ஒரே வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிறவர். விஷயம் தெரிந்தால் அந்த வரிசையில் இவருக்கு இடம் இருக்குமா? வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள்: “நான் இந்தப் புடவை நல்லாருக்கான்னு கேட்டதுக்கும் இதே ஆமாங்கதானா?” அதற்கும் பழக்க தோஷத்தில் “ஆமாம்மா” என்றார்.

ஞாயிறு காலை மூவரும் வந்தார்கள். முதலில் வாத்தியார் நாற்காலி ஏறினார்.

“எல்லாம் அந்தக் கோச்சாலதான். கடைசி நாலு நிமிஷம் பெஞ்சில உட்கார வச்சா எவன்யா இருப்பான்?”

“ஆமாங்க.”

அடுத்து மருந்துக்கடைக்காரர். “கோச் பாவம்யா. டீம் முதலாளிதான் காரணம். அவன் ஷூ கிழிஞ்சு ஒட்டுப்போட்டு ஆடினான், ஏன்னு கேட்டாரா?”

“ஆமாங்க.”

“கிளப்பிவிட்டவன் யாருன்னு மட்டும் தெரியட்டும், அவன் மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன். சத்தியம்!”

“நாங்களும்தான்,” என்றார்கள் மற்ற இருவரும். சலூன்காரர் அவசரமாக அடுத்த ஆளுக்குத் துணியை உதறினார்.

பஸ் டிரைவருக்கு ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறுகன்னத்தில் நுரை. “நம்ம மேலதான்யா தப்பு. அவன் ஒரு ஃப்ரீ த்ரோ தவறவிட்டதுக்கு வாத்தியார் ஊளையிட்டாரே, மறந்துபோச்சா?”

“ஆமாங்க,” என்பதற்குள் கடைச் சுவரில் ஓடிய டிவியில், ஒரு பேட்டியில் ஏணி தோன்றினான்.

“ரொம்பக் குழம்பியிருந்தேன். எங்க ஊர்ல முடி வெட்டுற அண்ணன்தான் யோசிக்காம ‘தாராளமா போங்க’ன்னாரு. அவர் சொன்னா சரியாதான் இருக்கும்னு கிளம்பிட்டேன்.”

சலூன்காரர் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்தார்.

“யோவ், நீயா?” வாத்தியார் எழுந்தார். “எங்களுக்கெல்லாம் ஆமாங்க ஆமாங்கன்னியே! அப்ப கோச் மேல தப்பு இல்லையா?”

“இல்லீங்க.”

இருபத்திரண்டு வருடம் கழித்து வந்த சொல். டிரைவரின் தலை சட்டென்று திரும்பியது. நல்லவேளை, கத்தி அதற்கு முன்பே மேலே போயிருந்தது.

“தலை ஆடிடக்கூடாதேன்னு சொன்னதுங்க. நான்தான் அனுப்பிட்டேன்.”

இருவர் விறுவிறுவென்று வெளியேறினார்கள். டிரைவர் மட்டும் பாதி நுரையோடு யோசித்தார். “இந்தப் பக்கத்தை முடி. அப்புறம் கோவிச்சுக்கிறேன்.” முடித்ததும் சொன்னபடியே கோபித்துக்கொண்டு போனார்.

இரண்டு ஞாயிறு கடையில் ஈ காக்கை இல்லை. மூன்றாவது ஞாயிறு வாத்தியார் தரையைப் பார்த்தபடி வந்து, தடவித் தடவி நாற்காலியில் உட்கார்ந்து, நிமிர்ந்தார். பின்னாலேயே மற்ற இருவரும்.

“சத்தியம்?” என்றார் சலூன்காரர், தயங்கி.

“நேருக்கு நேர் பார்த்தாதான்யா முழிக்கிறது. கண்ணாடில பார்க்கிறது கணக்குல வராது,” என்றார் கணக்கு வாத்தியார். “அடுத்த மேட்ச்சுக்கு உனக்கும் சீட்டு போட்டாச்சு. ஆனா எங்களுக்கு முன்வரிசையில. உன் பின்மண்டை மட்டும்தான் தெரியும். வர்றியா?”

கத்தரி காதுக்குப் பின்னால் வளைந்துகொண்டிருந்தது. “ஆமாங்க, வர்றேன்.”

“இது நிஜ ஆமாங்கவா, கத்தரி ஆமாங்கவா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

சலூன்காரர் கத்தரியை மேசையில் வைத்தார். இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

“ஆமாங்க,” என்றார்.