கூடை திரும்பி வந்தது

எங்கள் மாதா கோயில் வாசலில் இப்போது காணிக்கைக்கு க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். என் மகள் அதற்கு நேரே செல்போனைக் காட்டிவிட்டு உள்ளே போகிறாள். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் கை நினைவுக்கு வந்து, தலை தானாகக் குனிந்துகொள்ளும்.

நாங்கள் பாலக்கோட்டுப் பக்கம். தக்காளிதான் பயிர். நான் மூன்றாவது படித்த வருடம் விலை அடியோடு விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று பலபேர் பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். பூசையில் நான் ஆண்கள் பக்கம், அப்பாவை ஒட்டி உட்காருவேன். காணிக்கைப் பை வரும்போது எல்லோரையும் போலவே அப்பாவும் மூடிய கையை உள்ளே விட்டு, விரித்து எடுப்பார். ஒருநாள் பை என் மூக்குக்கு நேராக நின்றது. உள்ளே விரிந்த கையில் ஒன்றும் இல்லை.

சாமியை ஏமாற்றினால் பாவமாயிற்றே என்று எனக்குப் பயம். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டுவிட்டேன். “காசு இல்லாதவங்க வெறுங்கையப் பைக்குள்ள உட்டா பாவமா சிஸ்டர்?”

சிஸ்டர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு அன்றைய பாடத்தை மூடி வைத்துவிட்டு வேறு ஒன்று சொன்னார். ஆதித் திருச்சபையில் பையே கிடையாதாம். ரொட்டி, திராட்சை ரசம், எண்ணெய், தானியம் என்று வீட்டில் இருப்பதைத்தான் சனங்கள் கொண்டு வருவார்களாம். பூசைக்கு வேண்டியது போக மிச்சமெல்லாம் ஏழைகளுக்குப் போகுமாம். காசு பிற்பாடு வந்ததாம். அப்பத்தையும் ரசத்தையும் இன்றைக்கும் பவனியாகக் கொண்டுபோவது அந்தப் பழைய வழக்கம்தானாம்.

ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். விளைந்ததைக் கொண்டு வருவார்கள் என்பது வரைக்கும்தான் சொன்னேன். மிச்சம் எங்கே போகும் என்பது மறந்துபோயிற்று.

“நெசமா சிஸ்டரே சொன்னாங்களா பாப்பா?” என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு விடியும்போதே பறித்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மா ஒவ்வொரு பழமாக முந்தானையில் துடைத்துக் கூடையில் அடுக்கினாள். கோயிலில் பை வந்தபோது அப்பா கையை விடவில்லை. கும்பிட்டு அடுத்தவருக்கு அனுப்பினார். பவனி கிளம்பியதும் அதற்குப் பின்னால் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

“என்னாப்பா, மண்டிக்குப் போறவன் வழி மாறி வந்துட்டியா?” என்றார் ஒரு மாமா.

“மண்டியில வேணாம்னுட்டான். சாமியாச்சும் வாங்கட்டும்னு கொண்டாந்துட்டாரு” என்றது இன்னொரு குரல்.

அந்தப் பக்கமே சிரித்தது. நான் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பூசை வைத்த சாமியார் சிரிக்காமல் கூடையை வாங்கிப் பீடத்தடியில் வைத்தார். ஆண்டவர் அதை ஏற்றுக்கொண்டார், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் மொய் வைத்துவிட்டு வருகிறவர் போல அப்பா நிமிர்ந்து திரும்பி வந்தார்.

சாயங்காலம் கோயில் உபதேசியார் எங்கள் கூடையைக் கொண்டுவந்தார். உள்ளே அரிசி, பருப்பு, ஒரு பாட்டில் எண்ணெய். “கோயில் காணிக்கையில வாங்குனதுங்க. இந்த வூட்டுக்குக் குடுக்கச் சொல்லி சிஸ்டர் சொன்னாங்க” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். நல்ல மனிதர், குரல்தான் பெரிசு. பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

“சரிங்க” என்றார் அப்பா.

அம்மா சோறு வடித்துப் பருப்பு கடைந்தாள். வயிறு சரியில்லை என்று அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. நான் கேட்ட கேள்வியால் வந்த அரிசி அல்லவா! தக்காளியை வாங்கிக்கொண்டு ஆண்டவர் அரிசியாகத் திருப்பித் தந்திருக்கிறார். இதற்குப் போய் ஒருவர் சாப்பிடாமல் படுப்பாரா என்றுதான் நினைத்தேன். அப்பாவுக்கு எடுத்து மூடி வைத்திருந்த சோற்றையும் அம்மாவிடம் கேட்டு வாங்கி நானே சாப்பிட்டேன்.