ஒரு கையில் கயிறு, ஒரு கையில் காமிரா

படம் பிடிக்கிறவனுக்கு வெளிச்சம் வந்துவிட்டால் வேறு எதுவும் கண்ணில் படாது என்று எனக்கு முதன்முதல் சொன்னவர் என் மாமியார். கல்யாணமாகி வந்த மறுநாள், மகனுக்கு எடுத்து வைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தபோது சொன்னார். அந்த மகனோடு எழுபதுகளில் தூத்துக்குடியில் ஸ்டுடியோ நடத்தினேன். என்னைப் போல் பட்டவர்கள் உங்களில் இருந்தால் சிரிக்காமல் படிப்பீர்கள்.

பாதி முகம்

எங்க வீட்டுக்காரருக்கு விளக்கு வைத்துப் படம் எடுப்பது பிடிக்காது. ஜன்னல் வெளிச்சம் போதும் என்பார். முகத்தில் பாதி இருட்டில் போய்விடும். மெட்ராஸில் கண்காட்சி நடத்துகிறவர்கள் அதைத்தான் கலை என்று மெச்சினார்கள். மகளுக்கு வரன் பார்க்கப் படம் எடுத்துப்போன புதுக்கோட்டைப் பெரியவர் மெச்சவில்லை. திரும்பி வந்து படத்தை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"தாயி, மீதிப் பாதியில என்ன கோளாறுன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேப்பானே?"

மேகம்

உப்பளத்தில் அவருக்கு மேகம் வேண்டும். வெறும் வெயிலில் உப்பு படத்தில் சுண்ணாம்பு மாதிரி விழும் என்பார். தலையில் உப்புப் பெட்டியோடு வந்த பெண்களை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் கங்காணி கம்போடு வந்துகொண்டிருந்தார். போதும் வாங்க என்று நான் இவர் சட்டையை இழுத்தேன். முன்னால் நின்றவள் மட்டும் அசையாமல் சொன்னாள்:

"அண்ணாச்சி, மேகம் வாரதுக்குள்ள எங்க கழுத்து உள்ள போயிரும். பொறவு யார் மூஞ்சிய எடுப்பீய?"

கயிறு

சங்கு குளிக்கிறவனின் கயிற்றை மச்சான் முறைக்காரர்தான் மேலே வள்ளத்தில் இருந்து பிடிக்க வேண்டும். முத்துக்குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். கீழே மூச்சு முட்டினால் கயிற்றை உலுக்குவான். மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். என் தம்பி சூசைக்கு எப்போதும் கயிறு பிடிக்கிற மைத்துனன் காய்ச்சலில் படுத்துவிட்டான். எங்க வீட்டுக்காரர் நான் வாரேன் என்று கிளம்பினார். கண்காட்சிக்குக் கடல் படம் கேட்டிருந்தார்கள். காமிராவும் கூடப் போனது. வைத்துவிட்டுப் போங்க என்று வாசல்வரை கெஞ்சினேன். கேட்கவில்லை.

மத்தியானத்துக்கு முன்பே வள்ளம் திரும்பியது. அவ்வளவு சீக்கிரம் எந்த வள்ளமும் திரும்பாது. கரையில் ஜெபமாலையோடு நின்று பார்த்தேன். இவர் தெரிந்தார். கையில் காமிரா இல்லை. தம்பியைக் காணவில்லை. மாதாவே என்று தண்ணீரில் இறங்கிவிட்டேன். கிட்டே வந்த பிறகுதான் வள்ளத்துக்குள் அவன் மல்லாந்து கிடந்தது தெரிந்தது. மூக்கில் ரத்தம். நெஞ்சு ஏறி இறங்கியது.

நடந்ததை வள்ளக்காரர் சொன்னார். இவர் கயிற்றை இடது கையில் பிடித்தபடி, காமிராவில் கண்ணை வைத்து, பக்கத்து வள்ளத்தின் பாயில் வெயில் விழக் காத்திருந்தாராம். கயிறு உலுக்கியது. ஒற்றைக் கையால் இழுத்துப் பார்த்திருக்கிறார், வரவில்லை. மறுபடியும் உலுக்கியபோது காமிராவை அப்படியே கடலில் விட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்திருக்கிறார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

இவரை வைய வாயைத் திறந்தேன். அதற்குள் சூசை தலையைத் தூக்கினான்.

"அக்கா, அத்தானை வையாத. கண்ணு இருட்டிட்டு வரும்போது மேல இருந்து அவரு காமிராப் பெட்டி இறங்கி வந்துது. சரி, இனி ரெண்டு கையும் நமக்குத்தான்னு அப்பத்தான் உயிரு வந்துது."

கலைஞரைக் கட்டிக்கொண்டவளுக்குப் படம் மிஞ்சுகிறதோ இல்லையோ, ஜெபமாலை மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். சங்கு குளிக்கப் போகிறவர்களுக்காக இன்றைக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிவிடுங்கள்.