யன்னலை மூடிய கறுப்புத் துணி

போன வசந்த காலத்தில், டென்மார்க்கின் சில்க்போர்க்கில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலிருந்து பக்கத்து ஊர் மியூசியம் ஒன்றுக்குப் போயிருந்தோம். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படை இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இரகசியமாக எதிர்த்து நின்றவர்களைப் பற்றிய மியூசியம் அது. தொண்ணூறைத் தாண்டிய ஒரு டெனிஸ் அம்மாவின் சக்கர நாற்காலியை நான் தள்ளினேன். அவருக்கு மறதி நோய், போதாததற்கு இருதய வருத்தமும். கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரும் வந்திருந்தார்.

அந்தக் காலத்து வீட்டு அறை ஒன்றை அப்படியே அமைத்திருந்தார்கள். வெளிச்சம் வெளியே தெரியாதபடி யன்னலைக் கறுப்புத் துணி மூடியிருந்தது. உள்ளே போனதும் ஒலிபெருக்கியில் கதவை இடிக்கும் சத்தம். இலங்கையில் எங்கள் ஊரை இராணுவம் சுற்றிவளைத்த நாட்களில் கேட்ட அதே இடி.

அந்த அம்மா எழுந்துவிட்டார். என் சட்டையைப் பிடித்து என்னைச் சுவரோடு தள்ளி, எனக்கு முன்னால் நின்றார்.

“சத்தம் போடாதே. கண்டால் உன்னைக் கொண்டுபோய்விடுவார்கள்.”

அவருடைய உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நானோ பெரிய அறிவாளி மாதிரி, இது மியூசியம், பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கம் சொன்னேன். என் வாயைப் பொத்தினார். அவருக்கு இன்னும் அதிகமாக மூச்சு வாங்கியது. என் கையிலேயே போய்விடுவாரோ என்று பயந்துபோனேன்.

“தம்பி, ஆளோட வாதாடாதை. சண்டை முடிஞ்சுதெண்டு சொல்லு,” என்றார் அக்கா.

சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை.

“அப்படியென்றால் யன்னல் ஏன் இருட்டாக இருக்கிறது?”

இங்கே மே நான்காம் திகதி மாலையில் யன்னல்களில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். சண்டை முடிந்த செய்தி வந்த மாலையில் சனங்கள் கறுப்புத் துணிகளைக் கழற்றிவிட்டு வெளிச்சம் வைத்ததன் நினைவு அது. எதையும் தொடக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. நான் துணியைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தேன். மேசையில் இருந்த பற்றரி மெழுகுதிரியை அக்கா எடுத்து யன்னலில் வைத்தார்.

அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிடி மெல்லத் தளர்ந்தது. நாற்காலியில் இருத்தினோம். மூச்சும் சீரானது.

“இனி நீ வெளியே போகலாம்,” என்றார்.

ஓடிவந்த மியூசியப் பெண் சத்தத்தை நிறுத்தினாள். கீழே கிடந்த துணியை மடித்து மேசையில் வைத்தாள்.

பின்னேரம் கோப்பி குடிக்கும்போது அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ஊரில் எங்கள் கதவு இடிபட்டபோது எங்களை மறைக்க ஒருவரும் வரவில்லையே என்ற கோபம் எனக்குள் நெடுங்காலம் இருந்தது. தனியாக நிற்கவே முடியாத ஒருவர், வருகிறவர்கள் சுடுவார்கள் என்று முழுதாக நம்பிக்கொண்டே என்னை மறைத்து நின்றதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கோபம் கொஞ்சம் கரைகிறது.