சுத்தமான அறைக் குளவிகள்

குளவி வளர்க்கிறேன் என்று அவள் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். "கொட்டுமா?" கொட்டாது என்பாள். "அப்புறம் எதுக்கு வளர்க்கிறீங்க?" என்பார்கள், ஏதோ கொட்டுவதற்காகத்தான் உலகத்தில் குளவி இருக்கிறது என்பதுபோல.

அவள் வளர்த்த குளவியைக் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். பேனா முனையால் காகிதத்தில் ஒரு புள்ளி வைத்தால், அந்தப் புள்ளிக்குள் அடங்கிவிடும். அந்தத் துளிக்குள்ளேயே சிறகு, கால், கண் எல்லாம் உண்டு. தாய்க் குளவி மற்ற பூச்சிகளின் முட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குள் தன் முட்டையை இட்டுவிடும். புழு வர வேண்டிய இடத்தில் குளவி வரும். மக்காச்சோளத் தண்டைக் குடையும் புழு பிறப்பதற்கு முன்பே அதன் கதையை முடித்துவிடும். மருந்து வேண்டாம், வாடை இல்லை, யாருக்கும் வாந்தி இல்லை. இதையெல்லாம் அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்த பிறகும், "இருந்தாலும் கொஞ்சமாவது கொட்டும்ல?" என்று கேட்பவர்கள் இருந்தார்கள்.

வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். அக்கா பாதியில் படிப்பை விட்டு, மக்காச்சோளம் போடும் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள். அந்த மாமா வாய்க்குப் பூட்டே கிடையாது. மச்சினிக்கு 'குளவி' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

"வாம்மா குளவி! இந்த வாரம் எத்தனை லட்சம் பிள்ளை பெத்தே?"

"உங்களுக்குப் பொறாமை மாமா."

"எனக்கெதுக்குப் பொறாமை? பேர் வைக்கவே உனக்கு ஆயுசு பத்தாது."

இப்படித்தான் போகும். அக்கா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் வயசுக்குத் தகுந்த மாதிரி பேசுங்க" என்பாள். ஆனால் அந்தச் சத்தம் கேட்காத நாளில் அவளுக்கும் வேலை ஓடாது.

குளவி வளர்ப்பது ஆய்வகத்தின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். முன்னறையில் தட்டுத் தட்டாக உடைத்த தானியம். அதில் அந்துப்பூச்சியின் புழுக்கள். அவை வளர்ந்து பூச்சியாகி இடும் முட்டைகளைச் சலித்தெடுத்து, பசை தடவிய அட்டையில் தூவி, குளவிகளோடு பையில் போட்டுக் கட்டிவைப்பார்கள். மூன்று நான்கு நாளில் முட்டைகள் கறுத்தால், உள்ளே குளவி குடியேறிவிட்டது என்று அர்த்தம். அந்த அட்டைகள்தான் வயல்களுக்குப் போகும். அந்துப்பூச்சியின் இறகுச் செதில் காற்றில் எப்போதும் பறந்துகொண்டிருக்கும். அது மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. கூட வேலை பார்த்த ஒருவனுக்கு அது ஒத்துக்கொள்ளவே இல்லை. முகக்கவசம் இரண்டு போட்டாலும் தும்முவான். எல்லோரும் அவனைத் தும்மல் என்றே கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான்.

குளவி அறைக்குள் அவளைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. செருப்பை வாசலில் கழற்றி, கையை முழங்கை வரை கழுவி, வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டுதான் அவளே நுழைவாள். வெளியிலிருந்து ஓர் இலைத்துணுக்குகூட உள்ளே வரக்கூடாது. சூடு ஏறாது, இறங்காது. குளவிகளுக்குக் குடிக்க, காகித நாடாவில் தேன் கோடு போட்டு வைப்பாள். பொரித்து வெளிவருவது நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாது. மேலதிகாரி வருகிறவர்களுக்கெல்லாம் அந்த அறையின் கண்ணாடிக் கதவைக் காட்டுவார்.

அந்தச் சுத்தத்துக்குப் பின்னால் ஒரு பழைய அவமானம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் படித்ததைப் படித்தபடி செய்தாள். ஆண்டுக்கு ஒருமுறை வயலில் தானாகத் திரியும் குளவிகளைப் பிடித்துவந்து அறைக் குளவிகளோடு கலக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைமுறை தலைமுறையாக ஒரே ரத்தத்தில் பெருகி, இனம் நோஞ்சானாகிவிடும். அப்படித்தான் ஒரு பை நிறைய இலையும் முட்டையுமாகப் பொறுக்கிவந்தாள். அந்த இலைகளில் எங்கோ வேறொரு குளவியின் கூடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அது முட்டையை விட்டுவிட்டுப் புழுவைத் தேடிக் கொட்டும் ரகம். முன்னறைத் தட்டுகளில் புகுந்தது. ஒரு வாரத்தில் புழுக்களெல்லாம் சுருண்டன. தட்டுகளைப் பின்புறம் கொண்டுபோய் எரித்தார்கள். அப்போதிருந்த அதிகாரி எல்லோர் முன்னாலும், "படிச்ச பொண்ணுன்னு உள்ள விட்டா, வயக்காட்டையே கையோட கூட்டிட்டு வந்திருக்கு" என்றார்.

இலையைப் பற்றித்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு அது தன்னைப் பற்றிச் சொன்னதுபோலக் கேட்டது.

அதற்குப் பிறகு வயலிலிருந்து எதையும் அவள் கொண்டுவரவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஆரம்பித்தது, மழை முடியட்டும் என்றாயிற்று. பிறகு அந்த நினைப்பே அருகிப்போயிற்று. எட்டுப் பத்து நாளைக்கு ஒரு தலைமுறை. அறை சுத்தமாக இருந்தது. குளவிகள் பொரித்துக்கொண்டே இருந்தன. யாரும் கேட்கவில்லை.

போன பருவத்தில் மருந்து அடித்துவிட்டு வந்த மாமா, கிணற்றடியில் உட்கார்ந்து குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தார். அக்கா ஃபோனில் அழுதாள். இந்தப் பருவம் விதைத்ததும் அவள் நேரில் போய் நின்றாள்.

"இந்தத் தடவை மருந்தே வேண்டாம் மாமா. அட்டை கட்டுவோம். என்னை நம்புங்க."

"உன்னை நம்பலாம். உன் பிள்ளைங்களை எப்படி நம்புறது? கண்ணுக்கே தெரியல."

"அதுங்க வேலையைப் பார்க்கும்."

"சரி குளவி. ஆனா புழு வந்துச்சுன்னு வையி, ஒவ்வொண்ணாப் பொறுக்கி உனக்குத்தான் பார்சல் அனுப்புவேன்."

"அனுப்புங்க, அதையும் வளர்க்கிறேன்."

நேரில்தான் இந்தக் கிண்டல். டீக்கடையில் அவர் பேசியதே வேறு என்று அக்கா பிறகு சொன்னாள். "எங்க வீட்டுப் புள்ள அனுப்பின குளவி. மருந்துக் கடைக்காரன் இனிமே கடையைச் சாத்திட்டுப் போகட்டும்" என்றாராம். பக்கத்து வயல்காரர் சிரித்ததற்கு, "நீ படிச்சிருக்கியா? அவ படிச்சிருக்கா" என்று சண்டைக்கே போய்விட்டாராம்.

அவள் அட்டைகளை மழையும் எறும்பும் தொடாதபடி சின்னக் காகித உறைகளில் போட்டு, குளவி வெளியேற உறையில் ஓட்டைகள் குத்தி அனுப்பினாள். மாமா ஒவ்வொன்றையும் இலைக்கடியில் தானே கட்டினார். பயிர் இடுப்பளவு வந்தபோது அக்காவிடமிருந்து ஃபோன்.

"ஒரு எட்டு வந்துட்டுப் போடி."

"என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வந்து பாரேன்."

வரப்பிலிருந்தே தெரிந்தது. விரிந்த இலைகளில் குறுக்காக, ஊசியால் குத்தினாற்போல் வரிசையாக ஓட்டைகள். குருத்து சுருண்டிருக்கும்போதே புழு உள்ளே புகுந்து தின்றதன் அடையாளம் அது. மாமா ஒரு தண்டைப் பிளந்து நீட்டினார். உள்ளே வெளிறிய ரோஜா நிறத்தில் புழு, தன் வீட்டைத் திறந்துவிட்டார்களே என்று நெளிந்தது.

"இதுகிட்ட விசாரிச்சேன். குளவி எதாவது வந்துச்சான்னு. இந்தப் பக்கம் யாரும் வரலைங்குது."

அவள் சிரிக்க முயன்றாள். அவர் சிரிக்கவில்லை.

ஓர் உறையை அவிழ்த்து அட்டையை உருவினாள். ஒவ்வொரு கறுத்த முட்டையிலும் வட்டமாக ஒரு துளை. எல்லாம் பொரித்திருந்தன. பிறகு எங்கே போயின? உறையைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினாள். மண்தூசிபோல் ஏதோ கொட்டியது. ஊதப்போனவள் நிறுத்திக்கொண்டு, கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தாள்.

தூசி இல்லை. சிறகு, கால், கண்.

அவை உறையை விட்டே வெளியேறவில்லை. ஓட்டைகள் இருந்தன. வெளியே வெயிலும் இலையும் இருந்தன. அவை பிறந்த அட்டையைச் சுற்றி நடந்துவிட்டுச் செத்திருந்தன. இன்னோர் உறை. அதிலும் தூசி. மூன்றாவதைத் தட்ட அவளுக்குக் கை வரவில்லை.

அடுத்த நாள் ஆய்வகத்தில் ஒரு நீளமான கண்ணாடி ஜாடியைக் கறுப்புத் தாளால் சுற்றினாள். மேலே மட்டும் வெளிச்சம் விழும்படி தெளிவான மூடி, அதன் உட்புறம் பசை. ஜாடியின் சுவரில், அடியிலிருந்து சற்று மேலே, வளையமாக இன்னொரு பசைக்கோடு. பறக்கும் குளவி வெளிச்சத்தைத் தேடி மூடிக்குப் போகும். நடந்து ஏறுவது வளையத்தில் மாட்டும். பாடத்தில் படித்த சோதனைதான். பொரித்த எண்ணிக்கை நன்றாக இருந்ததால் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. முட்டையிலிருந்து வெளியே வருகிறதா என்பதை மட்டுமே இத்தனை காலமும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

தும்மல் குனிந்து மூடியைப் பார்த்தான்.

"அக்கா, மேல ஒண்ணு ரெண்டுதான் இருக்கு. லைட்டு சரியா எரியுதா?"

"எரியுது."

"அப்ப மத்ததெல்லாம்?"

அவள் கறுப்புத் தாளை அவிழ்த்தாள். வளையம் முழுக்க மிளகுத்தூள் தூவியதுபோல் ஒட்டிக்கிடந்தன. வளையத்துக்குக்கூட ஏறாமல் அடியில் கிடந்தவையும் நிறைய.

"வீட்டுச் செல்லம்" என்று சொல்லிவிட்டு அவன் தும்மினான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து, "சும்மா சொன்னேன்க்கா" என்றான்.

அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். "பொரிக்குதுல்ல? அப்புறம் என்ன?" என்றார். அட்டை அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றதும், "உங்க இஷ்டம். கேக்கிறவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க" என்றார். அதிலும் தப்பில்லை. அவள்தானே சொல்ல வேண்டும்.

முதலில் சொல்ல வேண்டிய இடம் அக்கா வீடு. அவள் போனபோது மாமா மருந்து தெளிப்பானின் மூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னாள்: குளவி நோஞ்சான், காரணம் நான், வயல் குளவியைக் கலக்காமல் விட்டுவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே தெளிப்பானின் மூக்கைத் துடைத்து மாட்டினார்.

"தெரிஞ்சே அனுப்பினியா?"

"தெரியாது மாமா. ஆனா தெரிஞ்சிருக்கணும்."

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"ஒரு நாள் பொறுங்க மாமா" என்றாள் அவள். "வெறும் முட்டை அட்டை கொண்டு வந்திருக்கேன். உங்க வயல்லயே தானா திரியிற குளவி கொஞ்சமாவது இருக்கும். அதுங்க வந்து முட்டை வைக்கட்டும். மருந்து அடிச்சா அதுங்களும் போயிடும்."

ஒரு நாள் என்றால் இன்னும் எத்தனையோ தண்டுகள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தெளிப்பானைச் சுவரோரம் வைத்துவிட்டு, "கட்டிக்கோ" என்று மட்டும் சொன்னார்.

அவள் கட்டினாள். மறுநாள் மாலை அவிழ்த்தெடுத்தாள். அவள் பஸ் ஏறும்போதே வயல் பக்கமிருந்து மருந்து வாடை வந்துவிட்டது.

அநேகமாக எந்த அட்டையிலும் ஒன்றுமில்லை. ஒரே ஓர் அட்டையின் மூலையில் மட்டும் சில முட்டைகள் கறுத்தன. அந்தச் சிலதிலிருந்து அவள் மறுபடி ஆரம்பித்தாள். இந்தமுறை அவற்றைத் தனியறையில் வைத்து, இரண்டு தலைமுறை பொறுத்து, கூட வேறெதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டாள். அன்றைக்கும் இப்படிச் செய்திருக்கலாம். அந்தத் தட்டுகள் எரியாமலிருக்க ஒரு தனியறை போதுமாயிருந்தது; அவள் வயலுக்கே கதவைச் சாத்திவிட்டாள்.

புதுக் குளவிகளை ஜாடியில் விட்ட அன்று மூடி கறுத்துப்போயிற்று. தும்மல் கைதட்டினான். பழைய குளவிகளை, தேன் நாடாவோடு, குளிரில் உறைந்து முடியட்டும் என்று ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவை மூடினாள். அவை எந்தப் பாவமும் செய்யவில்லை. அவள் சொல்லிக்கொடுத்தபடி வளர்ந்தவை.

அடுத்த பருவத்தில், பொரிக்கப்போகும் அட்டை ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா வாசலில் இருந்தார். அவள் படியேறும்போதே காதைத் தீட்டிக்கொண்டாள்.

"வாம்மா. பஸ்ல கூட்டமா? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மாமா."

அவ்வளவுதான். குளவி என்ற பெயர் வரவில்லை. அவர் முகத்தில் கோபம் துளியும் இல்லை. விருந்தாளியைப் பார்க்கும் முகமாக இருந்தது. டீக்கடைப் பக்கம் அவர் இப்போது போவதில்லை என்று அக்கா சொன்னாள்.

அட்டையை எடுத்து நீட்டினாள். "இது உங்க வயல்ல பிடிச்ச குளவியோட வம்சம் மாமா. நல்லாப் பறக்குது."

அவர் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அதை ஜன்னல் திட்டில், சீப்புக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில் பத்திரமாக வைத்தார். காலையில் வயலுக்குப் போகும்போது தெளிப்பானை மட்டும் முதுகில் மாட்டிக்கொண்டு போனார்.

வெயில் ஏறியதும் அட்டை பொரித்தது. அக்காதான் முதலில் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடி முழுக்கப் புள்ளிகள். விழுவதும் எழுவதுமாக வெளிச்சத்தில் முட்டிக்கொண்டிருந்தன.

"ஏய், இதுங்க பறக்குதுடி!"

"ஆமாக்கா."

"பாவம், வெளிய போகத் துடிக்குதுங்க. ஜன்னலைத் திறந்து விடட்டுமா?"

வயல் பக்கமிருந்து தெளிப்பானின் இரைச்சல் விட்டு விட்டுக் கேட்டது. காற்று வீட்டை நோக்கித்தான் அடித்தது. மூடிய ஜன்னலைத் தாண்டியும் அந்த வாடை லேசாக உள்ளே வந்தது.

கொக்கியில் வைத்திருந்த அக்காவின் கையை அவள் மெல்ல எடுத்துவிட்டாள்.

"வேண்டாம்க்கா" என்றாள். "மூடியே இருக்கட்டும்."