நீவாத கால்கள்

இவானோ மறுபடி சைக்கிள் ஏறியது மனைவியை அடக்கம் செய்த சில வாரங்களுக்குப் பிறகு, மார்ச் மாதத்தில். அதற்கு முன் மூன்று வருடங்கள் அவர் சைக்கிளைத் தொடவில்லை. இப்போது அவசரமாகத் தொட ஒரு காரணம் இருந்தது.

எங்கள் சைக்கிள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜூன் மாத முதல் ஞாயிறு எல்லோரும் சாந்தா ஓல்தா கணவாய்க்கு ஏறுவோம். உச்சியில் சிறிய ஆலயம். அந்த வருடம் சங்கத்தில் யார் இறந்திருந்தாலும் அவர்களுடைய பொருள் ஒன்றை அதன் உட்சுவரில் மாட்டிவிட்டு வருவோம். பொருள் காரில் போகக் கூடாது. யாராவது மிதித்துத்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டு ஆள் கொண்டுபோவது முறை.

இவானோவின் மனைவி ஓரியெத்தா ஒரு நாளும் சைக்கிள் மிதித்தவள் அல்ல. சங்கத்தின் பழைய வேனை எங்களுக்குப் பின்னால் ஓட்டி வருவாள். எலுமிச்சை போட்ட தேநீர், வாழைப்பழம், பஞ்சரானால் மாற்று டியூப், திட்டு எல்லாம் அந்த வேனிலிருந்துதான் வரும். தலையில் எப்போதும் சங்கத்தின் துணித்தொப்பி. அந்தத் தொப்பிதான் மேலே போக வேண்டும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டு ஆள் என்றால் இவானோ ஒருவர்தான்.

அவருக்கு அறுபத்தொரு வயது. ஜன்னல் சட்டங்கள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்து, மனைவி நோயில் படுத்ததும் விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் மலை ஏறுவதில் கெட்டிக்காரர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மெதுவாக ஏறுவார், நிற்காமல் ஏறுவார்.

மார்ச்சில் அவர் திரும்பி வந்த முதல் ஞாயிறு ஆற்றோரச் சமவெளியில் மட்டும் போனோம். திரும்பும் வழியில் காபிக் கடையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. மேசையைப் பிடித்து எழ முயன்றார், மறுபடி உட்கார்ந்தார்.

"என்னய்யா, அந்த நாற்காலியையே கட்டிக்கிட்டியா?" என்றான் மொரேனோ. குழாய் வேலை செய்கிறவன், வாய்க்குப் பூட்டு கிடையாது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

இவானோதான் அவனைக் காப்பாற்றினார். "சிரிடா, சிரி. தொடை ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. நாளைக்கு மாடிப்படி எப்படி எறங்கப் போறேனோ."

மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் மோசம். நீண்ட காலம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். இவானோ வீட்டுப் படியைப் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியில் தொங்கி இறங்கியதாக எதிர்வீட்டார் சொன்னார்கள்.

"காலுக்குள்ள அமிலம் தேங்கிக் கெடக்கு" என்றான் மொரேனோ. "சும்மா படுத்தா அங்கயே உறைஞ்சிடும். வலிக்க வலிக்க மிதி. அதுவா வெளிய ஓடிரும்."

இதை எங்கள் அப்பாக்களும் சொன்னார்கள், நாங்களும் சொல்கிறோம். எந்த மருத்துவர் மறுத்தாலும் சைக்கிள்காரன் நம்ப மாட்டான். மருந்துக்கடை லொரெதானா இவானோவிடம் நேர்மாறாகச் சொன்னாள்.

"ரெண்டு நாள் காலுக்கு ஓய்வு குடுங்க. வெந்நீர்ல குளிங்க, நல்லா சாப்பிடுங்க. ராத்திரி தைலம் போட்டு நீவுங்க. நீவுறதப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவர் தைலத்தை வாங்கிக்கொண்டார். மொரேனோ சொன்னதைத்தான் செய்தார். தினமும் மிதித்தார், புண்ணான கால்களோடு.

லொரெதானா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஓரியெத்தாவுக்கு வந்தது நரம்பு நோய். முதலில் கால் போனது, பிறகு கை, கடைசியில் பேச்சு. அந்த மூன்று வருடமும் ஒவ்வொரு மாலையும் இவானோ அவள் கால்களை நீவிவிட்டார். சைக்கிள்காரர்கள் ஒருவருக்கொருவர் நீவும் விதத்தில்: கணுக்காலில் தொடங்கி மேலே, எப்போதும் இதயத்தை நோக்கி. நான் பார்க்கப் போன ஒரு நாள் அவளுக்கு இன்னும் பேச்சு இருந்தது.

"இவர்கிட்ட கேளு ரெமீஜோ, நான் எந்த மலைய ஏறிட்டு வந்தேன்னு இப்படி நீவுறாரு?" என்றாள்.

"வாயை மூடு. கெண்டைக்கால் இறுகிக் கெடக்கு" என்றார் இவானோ.

"அது இறுகல. இளைச்சுப்போச்சு. எலும்பைப் போட்டு நீவுறீங்க."

அவர் நிறுத்தவில்லை.

மே மாதத்தில் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அவரைச் சின்ன மேடுகளில் கவனித்திருந்தேன். இடது காலைக் காப்பாற்றி, வலது காலால் மட்டும் அழுத்தினார். அது வெறும் அலுப்பு வலியில்லை. சமையலறையில் அவித்த பீன்ஸும் சோளக்களியும் தட்டில் ஆறிக் கிடந்தன. அலமாரியில் தைலப் புட்டி, முத்திரைகூட உடைக்காமல்.

"நீவுறதில்லையா?"

"இல்ல."

"முடியலன்னா மொரேனோவைக் கூப்பிடு. அவன் கை பரவாயில்ல."

"வேண்டாம்."

நான் விடவில்லை. இந்தக் காலோடு கணவாய் ஏற முடியாது, தொப்பியை நீதானே கொண்டுபோக வேண்டும் என்றேன். தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேசினார்.

"இது நல்லாகப்போற வலி, ரெமீஜோ. ரெண்டு நாள் வலிக்கும், மூணாம் நாள் கால் முன்னைவிடக் கெட்டியா இருக்கும். அவளுக்கு வலிச்சதே, அது எதுக்கு? ஒவ்வொரு நாளும் வலிச்சுது, ஒவ்வொரு நாளும் கால் இளைச்சுது. அவ கால நீவுன கைய வச்சு என் கால எப்படி நீவ?"

வலியைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். சகித்துக்கொள் என்று எழுதியவர்கள் உண்டு, அது பொருளற்றது என்று எழுதியவர்கள் உண்டு. தன் வலி ஆறப்போகிறது என்பதற்காக வெட்கப்படுகிறவனுக்குச் சொல்ல அவர்களில் யாரிடமும் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆறிப்போன களியைச் சூடு பண்ணித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஜூன் முதல் ஞாயிறு வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. தொப்பியை மடித்துச் சட்டையின் பின்பையில் வைத்திருந்தார். பாதி மலை வரை எங்கள் வரிசையிலேயே வந்தார். பிறகு பின்தங்கினார். கையை அசைத்து மற்றவர்களைப் போகச் சொன்னார். நானும் மொரேனோவும் மட்டும் அவர் வேகத்துக்குக் குறைத்துக்கொண்டோம்.

"முதுகுல கை வச்சுத் தள்ளட்டுமா?" என்றான் மொரேனோ.

"கைய ஒடிச்சிருவேன்."

"ஒடிக்கத் தெம்பிருந்தா மிதிய்யா."

உச்சிக்குச் சில வளைவுகள் இருக்கும்போது இடது கெண்டைக்கால் பிடித்து இழுத்துக்கொண்டது. சத்தமில்லாமல் சாய்ந்தார். சைக்கிளோடு சாலையோரப் புல்லில் விழுந்தார். தோலுக்கு அடியில் தசை முடிச்சு எழுந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. மொரேனோ குதித்து இறங்கி அந்தக் காலைப் பிடிக்கப் போனான்.

"தொடாதடா!"

மலையில் அந்தக் குரல் வெகுதூரம் போனது. மொரேனோ கையை எடுத்துக்கொண்டான். காலுறையைக் கணுக்கால் வரை சுருட்டிவிட்டு இவானோ தானே தொடங்கினார். கட்டைவிரல்கள் கணுக்காலிலிருந்து மேலே போயின, திரும்பவும் கீழே வந்தன, மேலே போயின. வேகமில்லை. கைகளுக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. முழங்காலில் விழுந்த நீரை வியர்வை என்று நினைத்துக்கொள்ள எங்கள் இருவருக்கும் வசதியாக இருந்தது.

முடிச்சு தளர்ந்ததும் எழுந்து சைக்கிளில் ஏறினார். ஒரு சுற்று மிதித்தார். முகம் வெளுத்துப்போனது. உள்ளே எதுவோ கிழிந்திருந்தது, பல வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்து வந்திருக்க வேண்டும். மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். மூன்றாவது முறை காலைத் தூக்கி மறுபக்கம் போடக்கூட முடியவில்லை.

சைக்கிளைப் புல்லில் மெல்லப் படுக்க வைத்தார். பின்பையிலிருந்து தொப்பியை எடுத்து, மடிப்பைப் பிரித்து, மறுபடி மடித்து என்னிடம் நீட்டினார்.

"நீ கொண்டு போ."

"கொஞ்ச நேரம் பாப்போமே. வலி விட்டதும்..."

"விடாது. போ, எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க."

மொரேனோ அவரோடு உட்கார்ந்துவிட்டான். நான் ஏறினேன். அந்த வளைவுகளைப் பல வருடங்களாக ஏறியிருக்கிறேன், அன்றைக்குப் போல என் கால்கள் லேசாக இருந்ததில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. உச்சியில் நான் தனியாக வருவதைப் பார்த்ததும் மற்றவர்கள் ஆலய வாசலை விட்டு விலகினார்கள். உள்ளே போய், காலியாக இருந்த ஆணி ஒன்றில் தொப்பியை மாட்டினேன். எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம்.

இறங்கி வந்தபோது இவானோ அதே இடத்தில் இருந்தார். மொரேனோ கீழ்ச் சாலையில் கார் வருகிறதா என்று பார்க்கப் போயிருந்தான். அவர் கை இன்னும் கெண்டைக்காலில் இருந்தது, நீவவில்லை, சும்மா வைத்திருந்தார்.

"மாட்டிட்டியா?"

"மாட்டியாச்சு."

"எந்தப் பக்கம்?"

"ஜன்னலுக்குப் பக்கத்துல. அங்கதான் ஆணி இருந்துச்சு."

"மத்தியானம் அங்க வெயில் அடிக்குமே" என்றார். "அவளுக்கு வெயில் ஆகாது."

திரும்பப் போய் மாற்றி மாட்டிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அவர் மேலே சாலையைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார்.

"வேண்டாம். அது நான் பாத்திருக்க வேண்டிய வேலை."