பால் பிடிக்காத நெல்

பொங்கலன்று பிள்ளைகள் தாங்கள் வளர்த்த நெல்லைத் தாங்களே அறுக்க வேண்டும் என்று எங்கள் பள்ளி முதல்வர் மேடம் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டேன். முதலில் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகு பயப்படுவதுதான் என் வழக்கம்.

டெல்லியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் நான் ஆயா. மார்ச்சோடு வேலை முடியும். மேடம் மனசு வைத்தால் ஏப்ரலில் மறுபடி எடுப்பார்கள். என் மகள் அங்கேதான் எட்டாவது படிக்கிறாள். ஊழியர் பிள்ளை என்பதால் கட்டணம் இல்லை. நான் வெளியே போனால் அவளும் வெளியேதான். நானும் எட்டாவதோடு நின்றவள். அந்த எட்டு என்னைத் தூங்க விடுவதில்லை.

நான் திருவாரூர்ப் பக்கம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேடம் கூப்பிட்டார்.

"நாத்து நட்டிருக்கியாம்மா?"

"நட்டிருக்கேன் மேடம். பள்ளிக்கூடத்த விட்டு நின்னதும் அதான வேலை."

"அச்சா! நாலாவது பசங்களுக்கு நீயே சொல்லிக் குடு. புக்ல படிச்சது போதும், கையில செய்யட்டும். நல்லா வந்துச்சுன்னா இதுக்குன்னே உன்னை நிரந்தரமா வெச்சுக்கச் சொல்லிக் கேக்கறேன்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவும்.

ஆவணியில் விதை, புரட்டாசியில் நடவு, தை பிறக்கும்போது அறுப்பு. எங்கள் ஊர்ச் சம்பாக் கணக்கு பொங்கலுக்குச் சரியாக வந்து நின்றது. நீல டிரம்களைப் பாதியாக அறுத்து மைதானத்து ஓரம் வரிசையாக வைத்தோம். மண்ணையும் தண்ணீரையும் கொட்டி, பிள்ளைகளை ஷூவைக் கழற்றி மிதிக்கச் சொன்னேன். "ஆன்ட்டி, சீ, கீச்சட்!" என்று சேற்றைப் பார்த்து முகம் சுளித்தவர்களெல்லாம் கொஞ்ச நேரத்தில் இறங்கமாட்டேன் என்றார்கள். முளை கட்டிய விதையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். டிரம்மில் பின்னால் நடந்தபடி நட முடியாது என்பதால், தரையில் கயிறு கட்டி, குனிந்து பின்னுக்கு நடக்கப் பழக்கினேன். இடித்துக்கொண்டு விழுந்தார்கள். சிரிப்பென்றால் சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

கதிர் வந்த பிறகு சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதுதான் வினையாகிப் போனது. மழைக்காலத்தில் தெருவெல்லாம் புட்டா விற்பார்களே, அந்த மக்காச்சோளத்தில் பிஞ்சாக நாலைந்து வாங்கிப்போய், நகத்தால் மணியை அழுத்தச் சொன்னேன். கண்ணாடி போட்ட ஒரு குட்டிப் பெண் அழுத்தியதில் பால் அவள் கண்ணாடியிலேயே தெறித்தது.

"தேக்கோ ஆன்ட்டி, பால் வந்துச்சு!"

"நெல்லும் இப்படித்தான் கண்ணு. நகத்தால நசுக்கிப் பாக்கணும். பால் இருந்தா அரிசி வரும், காஞ்சு கெட்டியா இருந்தா அரிசி வந்துருச்சு. ஒண்ணுமே இல்லன்னா பதரு. அது வெறும் உமிதான்."

நாற்று நடும்போது வாசல் காவலாளி அண்ணன் வந்து பார்த்தார். உத்தரப் பிரதேசத்துக்காரர். "என்ன தீதி, எங்க ஊர்ல தீபாவளிக்கு நெல் அறுத்து வீட்டுக்கே வந்துடும். மதராஸி நெல்லுக்குக் காலண்டர் கிடையாதா?" என்று இந்தியில் கேலி செய்தார். உங்கள் நெல் வேறு, எங்கள் சம்பா வேறு என்றேன். நெல் வேறுதான். குளிர் ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எங்கள் ஊரில் மார்கழி என்றால் கோலம் போடும்போது கொஞ்சம் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். இத்தனை வருடம் இங்கே ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு நடுங்கியவள், பயிரும் நடுங்குமே என்று யோசிக்காமல் போனேன்.

தீபாவளி முடிந்ததும் புகை மண்டியது. பள்ளியை மூடி, வகுப்புகளைப் போனுக்கு மாற்றினார்கள். நான் மட்டும் பஸ் பிடித்துப் போய் நெல் தாள்களில் படிந்த தூசியைக் கழுவினேன். டிசம்பரில் வெயில் முகத்தையே பார்க்க முடியவில்லை. பயிர் வளராமல் நின்று, நுனி மஞ்சளாக ஆரம்பித்தது. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினேன். டீச்சர்கள் அறைக் கெட்டிலில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி டிரம்மில் ஊற்றினேன். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் வீட்டிலிருந்து பழைய மஃப்ளர்கள் கொண்டுவந்து டிரம்களைச் சுற்றிக் கட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நெல்லு வரலன்னா என்னை நிப்பாட்டிடுவாங்களா?"

"யாருடி சொன்னது?"

"நீதான். தூக்கத்துல பேசற."

அப்புறம் சுவரோரத்து டிரம்களில் மட்டும் கதிர் எட்டிப் பார்த்தது. பாதி வெளியே வந்து, மீதி தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. ஓடிப்போய் ஒரு மணியை நசுக்கினேன். ஒன்றுமில்லை. இன்னொன்று. ஒன்றுமில்லை. மணி பிடித்த கதிர் தலை சாயும். இவை விறைத்துக்கொண்டு நின்றன. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் நெல் போலத்தான் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பொங்கலுக்கு விருந்தினராக வருகிறவர் டவுன்காரராக இருக்கட்டும், பிள்ளைகள் அறுக்கட்டும், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடட்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டேன்.

பொங்கலன்று சாணக்யபுரியிலிருந்து தமிழ் பேசும் ஒரு அரசு அதிகாரி வந்தார். பிள்ளைகள் வேட்டியும் பாவாடையுமாக, மேலே ஸ்வெட்டரோடு நின்றார்கள். மேடம் முகம் பூரித்திருந்தது. "எல்லாம் எங்க பசங்களே போட்டது சார்." அவர் தலையாட்டினார். தப்பித்தோம் என்று மூச்சை விட்டேன். அதே நேரம் அவர் அந்தக் கண்ணாடிக் குட்டியிடம் குனிந்து, "என்ன பாப்பா, அறுக்கலாமா? நெல்லு விளைஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"ருக்கோ அங்கிள், பாத்துச் சொல்றேன்."

நான் சொல்லிக் கொடுத்தபடியே ஒரு மணியைப் பறித்து நகத்தால் அழுத்தினாள். உதட்டைப் பிதுக்கினாள். இன்னொன்று.

"பால் இல்ல அங்கிள். அரிசியும் இல்ல. காலி ஹை."

அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளும் டிரம்களில் பாய்ந்தார்கள். காலி, காலி என்று விளையாட்டுப் போலக் குரல்கள். அதிகாரி சிரித்துவிட்டார். "பரவாயில்லையே, பசங்களுக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க!" மேடம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். முன்னாடியே தெரியுமா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே பதில்தானே.

எல்லோரும் பொங்கல் பானைப் பக்கம் போன பிறகும் குட்டி மட்டும் நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்ப வரும் ஆன்ட்டி?"

"இது வராது கண்ணு. குளிரு தாங்கல."

"அடுத்த தடவை கர்மியில போடலாமா?"

"போடலாம். வெயில் காலத்துலயே போடலாம்."

"நீங்கதான வருவீங்க? புக் டீச்சர் வேண்டாம்."

மேடம் காதில் விழும் தூரத்தில்தான் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

மாசி பிறந்துவிட்டது. மேடத்திடம் ஏப்ரலைப் பற்றிக் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். தினமும் போகும்போதும் வரும்போதும் டிரம்களைப் பார்க்கிறேன், அங்கேயே இருக்கின்றனவா, எடுத்துவிட்டார்களா என்று. என் மகள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களை யாரிடமோ இரவல் வாங்கி வந்து அட்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். போடாதே என்று சொல்ல வந்தவள், அட்டையின் ஓரத்தை மடித்துக் கொடுக்கிறேன்.